வாலிநோக்கம் போகும் வழி

டீசலைக் கீழக்கரையிலேயே நிரப்பிவிடுவேன்.
ஏர்வாடி தாண்டினால்
பங்கில் நிறுத்த மனசு வராது.

ஏசி வேண்டாம், கண்ணாடியை இறக்குங்கள்.
கருவாட்டு வாடை அடித்தால்
இடப்பக்கம் கடல் என்று அர்த்தம்.
வலப்பக்கம் உடைமரம், உப்பு,
பாத்திக்குள் ஒற்றைக்காலில் பூநாரைகள்,
ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பதுபோல.

அந்த மொட்டைப்பனை வளைவில்
வேகத்தைக் குறைத்துக் கதை சொல்வேன்:
சங்குகுளிக்கிறவன் தங்கை ஒருத்தி
ஆவுளியாவுக்கு வாழ்க்கைப்பட்டாள்.
மாசிப் பௌர்ணமிக்குப் பிறந்த வீடு வருவாள்.
தலை துவட்டும் இடம் இது.

நானே கட்டிய கதை.
மதுரைப் பார்ட்டிகள்
இருநூறு சேர்த்துத் தருவார்கள்.

போன மாசி
உப்பளத்துப் பூமயிலக்கா கைகாட்டி ஏறினார்,
வளைவில் இறங்கிக்கொண்டார்.
பனையடியில் வைத்தார்:
பிச்சிப்பூ, ஒரு குப்பி நல்லெண்ணெய்,
பல் போன சீப்பு ஒன்று.

"யாருக்குக்கா?"

"தெரியாதவன் மாதிரிக் கேக்குற.
எங்கம்மா காலத்துலேயிருந்து வாறாளே."

டிக்கெட் காசு வாங்கவில்லை நான்.

அதற்கப்புறம் அந்த வளைவில்
ஹாரன் அடிப்பதில்லை.
நீங்கள் சொந்த வண்டியில் வந்தாலும்
அடிக்காதீர்கள்.
ஈரத்தலையோடு இருப்பாள்.