பதினேழு

முதலில் நம்பவில்லை.
திசோனின் முதுகில் பேன்சீப்பு வாரியெடுத்த கருந்தூளை
ஈரக் காகிதத்தில் தட்டினேன்.
மிளகுப்பொடிபோல் சும்மா கிடந்தது.
பிறகு ஒவ்வொரு துகளைச் சுற்றியும்
துருநிறத்தில் ஒரு வளையம் கசிந்தது.
அழுக்கில்லை.
என் நாயின் ரத்தம்,
தெள்ளு குடித்துக் கழித்தது.

இந்த வீடு நான்கு மாதம் பூட்டிக் கிடந்ததாம்.
முன்பு இருந்தவன் வாடகை பாக்கியோடும் ஒரு நாயோடும்
படகேறிப் போய்விட்டான்.
முகவரி விட்டுப் போகவில்லை.
இவற்றை விட்டுப் போனான்,
பலகை இடுக்குகளில், கூட்டுக்குள்,
யாருடைய காலடிக்கோ காத்திருக்கும்படி.
நான் பெட்டியைத் தரையில் வைத்த அதிர்வுதான்
அவற்றுக்கு விடியல்.
இந்தத் தீவில் என் வரவைக் கண்டு எழுந்து நின்றவை
அவை மட்டுமே.

கெம்ச்சியில் மருந்து இல்லாத வாய் கிடையாது.
ரொட்டிக்கடை எடெல்மிரா, வினிகர் என்றாள்,
பாதிக்குப் பாதி தண்ணீர்.
சிப்பித் தொழிற்சாலையில் என் எதிர் மேசைக்காரி
கம்பளத்தில் பொடியுப்பு தூவச் சொன்னாள்,
இரண்டு நாள் விட்டுப் பெருக்கு.
படகுத்துறைப் பையன்
பூண்டை நசுக்கித் தீனியில் கலக்கச் சொன்னான்.
வியாழக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் வரும் கால்நடை மருத்துவர்
தொலைபேசியிலேயே கத்தினாள்:
பூண்டு நாய்க்கு விஷம்,
அந்தப் பையனுக்குக் கொடு.

வினிகர் தெளித்தேன். திசோன்
ஊறுகாய்ச் சாடிபோல் மணந்தான்.
தெள்ளுகள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குளிப்பாட்டினேன்.
முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வேலி,
இல்லையென்றால் எல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஏறி ஓடும்.
விறகடுப்பருகே நடுங்கிக்கொண்டு நின்றான்,
காலடியில் தண்ணீர் தேநீர் நிறத்தில்,
என்னைப் பார்த்த பார்வையில்
நானே அவனைக் கடித்தவள்.

இரவில் விளக்கு.
சூப்புத் தட்டில் தண்ணீர்,
அதில் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு,
தரையில் வைத்து, மேலே மேசைவிளக்கைக் கவிழ்க்க வேண்டும்.
சோப்பில்லாத தண்ணீர்மேல்
மூழ்காமல் கிடந்து தப்பிவிடும்.
வெளிச்சத்தைச் சூடென்றும்
சூட்டை ஓர் உடலென்றும் நம்பிக் குதிக்கும்.
(நானும் ஓரிரு முறை அப்படிக் குதித்தவள்தான்.)

மூன்று மணி இருக்கும். ஓட்டுப்பலகைகளில் மழை.
கதவு தட்டும் சத்தம்.
எதிர்வீட்டுத் தச்சன் ரொசமெல் பாரியா,
கறுப்புக் கோட்டு, ஒரு கையில் தொப்பி,
மறுகையில் துணி சுற்றிய ரொட்டி.
ஜன்னல் வழியே பார்த்திருக்கிறான்:
தரையோடு ஒரு விளக்கு,
பக்கத்தில் தலைகுனிந்து மண்டியிட்ட ஒருத்தி.
"யார் இறந்தது?" என்றான், மிக மெதுவாக.

"பதினேழு பேர்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.
காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு
வெள்ளைக் காலுறைகளோடு வந்து
தட்டருகே முட்டிபோட்டான்.
வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு,
"அந்த ஓரத்தில் இருப்பதைச் சேர்த்தீர்களா?" என்றான்.
சேர்க்கவில்லை.
பதினெட்டு.

ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
தன் மனைவிக்காக விழித்த இரவில்
வந்தவர்களுக்கு நாற்காலி போதாமல்
தான் நின்றுகொண்டே இருந்ததாகச் சொன்னான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
மேசைக்கடியில் திசோன் பின்னங்காலால் தரையைத் தட்டித் தட்டி
விடியும்வரை சொறிந்தான்.

வியாழக்கிழமை மருத்துவர் வந்தாள்.
பாலாடைக்கட்டிக்குள் மாத்திரை.
திசோன் கட்டியைத் தின்று மாத்திரையைத் துப்பினான்,
மூன்றாம் தடவை தோற்றான்.
"தரையில் இன்னும் கூடுகள் இருக்கும்,
தினமும் பெருக்கு, நன்றாக நட, எழுப்பிவிடு,
எழுந்து அவனைக் கடித்தால் செத்துப்போகும்" என்றாள்.
அதனால் நடக்கிறேன்.
அறைக்கு அறை, வேலையே இல்லாமல்,
பூட்ஸ் காலோடு.

நேற்றிரவு ஜன்னலைச் சாத்தப் போனபோது
எதிர்வீட்டில்
தரையோடு ஒரு வெளிச்சம்.
ரொசமெல்லிடம் நாய் கிடையாது.
அந்த வெள்ளைக் காலுறைகள் நினைவுக்கு வந்தன.

ரொட்டி இருந்தது, பாதி.
கோட்டைத் தேடினேன்.