கோட்டின் மேல் ஒரு மேசை

எங்கள் தெருவில் ஒரு கோடு இருந்தது.
சுண்ணாம்பால் போட்டதல்ல, கயிறு கட்டியதல்ல.
மீன்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே
புவெனவெந்துராவின் அத்தனை மழையும் கழுவிப் பார்த்துப்
போகாத கோடு.
அந்தப் பக்கம் என் பள்ளிக்கூடம்.
இந்தப் பக்கம் என் வீடு.
ஏழாம் வகுப்போடு நின்றுகொண்டேன்.

பதினைந்தில் வேலை கிடைத்தது.
தகரக் கூரையில் உட்கார்ந்து
கோட்டைத் தாண்டுகிறவர்களைப் பார்க்க வேண்டும்.
ஒரு கைபேசி தந்தார்கள்,
மதியம் சோறும் வறுத்த வாழைக்காயும்.
மணி என்று எங்களுக்குப் பெயர்.
மணி அடிக்கும், யாராவது விழுவார்கள்,
மணிக்கு அதில் சம்பந்தமில்லை
என்று சொல்லிக்கொண்டு தூங்கலாம்.
நான் இரண்டு முறை அடித்திருக்கிறேன்.
ஒருவன் யாரென்று தெரியாது.
மற்றவன் பெயர் லிபார்தோ. கையில் ரொட்டிப் பை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடல் வற்றி
வீடுகளின் மரக்கால்கள் சேற்றில் தெரிகிற நேரம்,
ருத் மரியும் சோய்லாவும் ஒரு மேசையைத் தூக்கி வந்தார்கள்.
அந்தப் பக்கத்திலிருந்து நாற்காலிகளோடு பிரிசேதா,
அவள் பின்னால்
அலையாத்திக் காட்டில் சிப்பி பொறுக்கிவிட்டு
முழங்கால் சேறு காயாமல் எதெல்மிரா.
கோட்டின் மேலேயே போட்டார்கள்.
இரண்டு கால் அங்கே, இரண்டு கால் இங்கே.
ஒரு கால் குட்டை. சோய்லா
தேர்தல் நோட்டீஸ் ஒன்றை நாலாய் மடித்து அண்டை கொடுத்தாள்.

பிறகு டோமினோக் கட்டைகளைக் கொட்டினார்கள்.
சடசடவென்ற அந்தச் சத்தத்தில்
தெருவே தரையில் படுத்தது.
அப்புறம் எழுந்து, வெட்கத்தோடு,
முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டது.

நான் மணி அடித்தேன்.
யார்? பெண்கள்.
என்ன செய்கிறார்கள்? ஆடுகிறார்கள்.
அந்த முனையில் நெடுநேரம் மூச்சு மட்டும்.

மூன்றாம் நாள் மேசை கவிழ்ந்தது.
அவர்கள் ஓடவில்லை, ஒரு வசவும் இல்லை.
குனிந்து பொறுக்கி எண்ணினார்கள்: இருபத்தேழு.
இரட்டை ஆறு இல்லை.
மறுநாள் துணிசோப்பில் ஒரு துண்டு வெட்டி
ஆணியால் பன்னிரண்டு குழி குத்தி வந்தாள் பிரிசேதா.
அடுத்த வாரம் ஒரு குண்டு பலகையைத் துளைத்தது.
அந்த ஓட்டையில் மெழுகுவத்தி செருகினார்கள்,
இருட்டிய பிறகும் ஆடலாமே.
காவலுக்கு ஆள் தருகிறோம் என்றார்கள் எங்கள் ஆட்கள்.
"துப்பாக்கிக்கு நாற்காலி கிடையாது" என்றாள் ருத் மரி,
கட்டையிலிருந்து கண்ணெடுக்காமல்.

கூரையிலிருந்து பார்த்துப் பார்த்தே ஆட்டம் பழகினேன்.
பக்கத்தில் இருப்பவர் எதிராளி.
எதிரில் இருப்பவர் கூட்டாளி.
எனக்குச் சொல்லித்தந்த கணக்கு வேறு.

மழை ஓய்ந்த ஒரு மாலை எதெல்மிரா நிமிர்ந்தாள்.
"ஏ தகரக்கூரை! எழுதக் கூட்டத் தெரியுமா?
இவளுங்க புள்ளியில ஏமாத்துறாளுங்க."
எதெல்மிரா. லிபார்தோவின் அம்மா.
தெரிந்து கூப்பிட்டாளா, தெரியாமலா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஏணியில் பதினோரு படி.
நான்காவது உடைந்ததை மறந்து கால் வைத்தேன்.
எதிர்க் கூரையிலிருந்து தெய்னெரும் இறங்கினான்,
அவர்களுடைய மணி.
இரண்டு வருடமாக அவன் தொப்பியைத்தான் எனக்குத் தெரியும்.
கிட்டத்தில் பார்த்தால் முகமெல்லாம் பரு,
பயத்தில் விக்கல்.
ஒரே நோட்டில் அவன் ஒரு பத்தி, நான் ஒரு பத்தி.
என் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது,
அதிர்ந்து நகர்ந்து கட்டை வரிசையைக் கலைத்தது.
சோய்லா அதை எடுத்து
குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

கோடு போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.
போகவில்லை. போன மாதம்கூட ஒரு பையன்.
ஆனால் ஆறு மணிக்கு மேல்
அது மேசைக்கு அடியில் கிடக்கிறது, நாயைப் போல.
இப்போது கூரையில் யாரும் இல்லை.
பையன்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள், முறைக்காக.

சோப்புக் கட்டை விரல் பட்டுத் தேய்ந்து
ஐந்தா ஆறா என்று தினமும் சண்டை.
அசல் இரட்டை ஆறு
என் கால்சட்டைப் பையில் இருக்கிறது.
அன்று கவிழ்த்த கைகளில் இரண்டு என்னுடையவை.
அதை மேசையில் வைக்கிற நாளில்
மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

நேற்று பைக்குள் கை விட்டேன்.
எதெல்மிராவின் முறை.
அவள் அவசரப்படவில்லை.