குறிப்பாணைக்கு விளக்கம்

ஐயா,
வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் இரவு
முத்தூர் லைனில் பணியில் இருந்தேனா இல்லையா
என்று கேட்டிருக்கிறீர்கள்.
இருந்தேன். இல்லை. இரண்டும்.

ஆடிக்காத்தில் முறிந்த வேப்பங்கிளை
கம்பியைக் கொண்டுவந்து போட்டது
சென்னியப்பன் கொறங்காட்டு முள்கம்பி வேலியில்.
வேலியின் நீளம் குறிப்பாணையில் இல்லை.
நாலு பர்லாங்.
நாலு பர்லாங்கும் உயிரோடு இருந்தது.

கடவோரம் நின்ற மயிலைக் கிடாரி
கத்த நேரமில்லாமல் சாய்ந்த பிறகுதான் போன் வந்தது:
"சப்-ஸ்டேஷன்ல ஆருமே எடுக்கலீங்.
ஸ்டிரைக்குன்னு தெரியுமுங்.
ஆனா ஆட்டத் தேடிட்டு
தெய்வாத்தா வெளிய போயிருக்குதுங்."

மொபெட்டில் போனேன்.
சட்டையில் குத்திய சங்கத்துப் பட்டையைக் கழற்றவில்லை.
சுவிட்சுக் கைப்பிடியை இழுத்து இறக்கி
பூட்டுப் போட்டேன்.
ஊர்த் தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்றது.
அந்த அமைதியில்தான் கேட்டது
தெய்வாத்தா இருமுகிற சத்தம்,
வேலிக்கு ஐந்தடி தள்ளி.

பிறகு தறிக்காரர்கள் வந்தார்கள்.
அறுக்கத் தெரிஞ்சவனுக்கு ஒட்டத் தெரியாதா என்றார்கள்.
தெரியும்.
கிளையை வெட்டிக் கம்பியை இழுத்துக் கட்ட
மூன்று ஆள் வேண்டும்.
எங்கள் பிரிவில் மூன்று ஆள் இருந்த வருஷம்
எனக்கே மறந்துவிட்டது.
தனியாக ஏறிய ஒப்பந்தப் பையன் மாரசாமி,
கீழே யாரோ ஏற்றிவிட்ட சுவிட்ச்,
உங்கள் பதிவேட்டில் இன்னும் அவன் பெயர் இல்லை.
அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தோம்.

உயிர் சம்பந்தப்பட்ட வேலையை
நிறுத்த உரிமையில்லை என்கிறது மூன்றாம் பத்தி.
இருக்கலாம்.
நிறுத்தாத நாட்களில் செத்தவர்களை
எந்தப் பத்தியில் எழுதுவது?

இதையும் மறைக்கக் கூடாது:
அன்றிரவு இருட்டில்
அத்தப்பன் வீட்டுப் பெரியவருக்கு
மூச்சு மிஷின் நின்றது.
காரில் போட்டுக் காங்கேயம் கொண்டுபோய்
பிழைக்கவைத்தார்கள்.
பிழைக்காமல் போயிருந்தால்
இந்தக் கடிதத்தை எப்படி எழுதியிருப்பேன்?
தெரியவில்லை.
ராத்திரி மூணு மணிக்கு அதே கேள்வி வந்து
கட்டிலோரம் உட்காருகிறது.

சங்கத்திலும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்,
ஏன் தொட்டாய் என்று.
அவர்களுக்கும் இதே தாளின் நகல்தான்.

இப்படிக்கு,
பொங்கியண்ணன், கம்பியாளர்.

இணைப்பு: பூட்டு வாங்கிய ரசீது,
ரூபாய் நூற்று எண்பது.
வாரியம் பூட்டுத் தருவதில்லை.