வலது இமை

கொரோனா போய் மூன்று வருஷம் கழிந்தும்
மாஸ்க் கழற்றாதவள் என்று
நிந்தவூரில் என்னைப்பற்றி ஒரு பகிடி.
மாஸ்க் கன்னத்தை மூடும்.
இமையை என்ன செய்ய?

பதினொரு மாதம்.
விடியக் கண் திறக்கும்போது
ஒட்டிய தபாலுறையைப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம்,
எனக்கு மட்டும் கேட்கும்.

ராத்தா இறாலை நிறுத்தினா.
கணவாயை, கத்தரிக்காயை, தக்காளியை
கிரந்தி என்று ஒதுக்கினா.
மாமி ஓதின தண்ணி தந்தா.
குடித்தேன், மிச்சத்தில் முகமும் கழுவினேன்.
அக்கரைப்பற்றுப் பாமசியில்
துண்டு கேட்காமல் ஒரு சின்னக் கிறீம் தந்தார்கள்.
மூன்றே நாளில் முகம் புதுப்பெண்ணுடையது.
நான்காம் மாதம் இமை வெங்காயச் சருகு,
உள்ளே ஓடும் நரம்பை எண்ணலாம்.
பயந்து நிறுத்தினேன்.
அடுத்த கிழமையே
வட்டியோடு திரும்பி வந்தது.

நான் பெண்கள் பக்கத்துப் படக்காரி.
ஆண் கமெராக்கள் நுழையாத அறைகளில்
மணப்பெண்ணுக்கு முன்னால் முழங்காலில் நிற்பவள்.
மருதமுனைப் பெண்ணொருத்தி
மருதாணிக் கையை மடியில் வைத்தபடி
என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்:
"ஒட்டுமா?"
ஒட்டாது என்றேன்.
"பரவாயில்ல, கொஞ்சம் எட்டி நிண்டு எடுங்க."

நோன்பு வந்தது. ஊரில் கலியாணமில்லை.
பதினைந்தாம் நோன்பில் சிவப்பு இறங்கியது,
இருபதில் இமை மினுங்கியது.
நோன்புதான் மருந்து என்றா ராத்தா.
நானும் நம்பினேன்.
பெருநாள் கழிந்து எட்டு நாளில் ஐந்து கலியாணம்.
ஐந்தாவது வீட்டில்
வட்டிலாப்பக் கோப்பையை எடுக்கக்கூட
வலது கண் திறக்கவில்லை.

மட்டக்களப்பு, தோல் கிளினிக், செவ்வாய்,
எழுபத்துமூன்றாம் நம்பர்.
டொக்டர் கோகிலவாணி இறாலைப் பற்றிக் கேட்கவில்லை.
நோன்புக் கதையை மட்டும் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னா.
"ஏன் வலது பக்கம் மட்டும் கூட?"
பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்து,
"எந்தக் கண்ணால பாத்துப் படமெடுப்பீங்க?"

கமெராவின் கண்துளையைச் சுற்றி
ஒரு கறுத்த றப்பர் வளையம்.
அதில் நகமளவு சீவி
இன்னும் சில பொட்டுகளோடு முதுகில் ஒட்டினா.
இரண்டு நாள் குளிப்பில்லை.
வைகாசி வெக்கையில்
காற்றாடிக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தேன்.
பிளாஸ்டரை உரித்தபோது மற்றதெல்லாம் வெறுந்தோல்.
ஒன்று மட்டும்
ஐந்து ரூபாய்க் குற்றியளவு சிவந்து, தடித்து.

எட்டு வருஷம்
அந்த வளையத்துக்குள்ளால்தான்
எத்தனை பேரின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

புது மருந்து, தோலை மெலிய வைக்காததாம்.
நெல்மணியளவு, காலையும் இரவும்.
"முதல் கிழமை எரியும். விட்டிடாதீங்க."
எரிந்தது,
கொச்சிக்காய் அரிந்த கையால் தொட்டதுபோல.
மருந்துக் குழாயை பிரிஜ்ஜில்
முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒரு குழாய்க்கு ஒரு பிறந்தநாள் வீட்டுப் படக்கூலி.
சவர்க்காரமில்லை, சென்ட் இல்லை.
முகத்தைத் துடைக்கக் கூடாது, ஒற்றவேண்டும்,
ஈரப் படத்தை ஒற்றுவதுபோல.

இப்போது கமெராவைக் கை நீட்டிப் பிடித்து
பின்திரையில் பார்த்து எடுக்கிறேன்.
கை நடுங்கும்.
முதல் மாதம் பாதிப் படம் கலங்கல்,
ஒரு வீட்டுக்குக் காசையும் திருப்பிக் கொடுத்தேன்.
அந்த மருதமுனைப் பெண் கேட்ட தூரம்தான் இது.

முழுக்கப் போகவில்லை.
கச்சான் வீசும் நாளில் ஓரம் செதிள் கட்டும்.
அதற்கும் ஒரு நெல்மணி.

றப்பர்தான் காரணம் என்று
ராத்தாவிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன்.
மூன்று தரமும் தலையாட்டினா.
நேற்று இறால் ஆணம்.
எல்லாருக்கும் அள்ளிப் போட்டா.
என் பீங்கானில் பருப்பு.