காரணம் எழுதும் கட்டம்

பள்ளத்தூர்க் கல்யாணத்தில்
அறுபத்து மூன்று பேருக்கு வாந்தி.
சுகாதார ஆய்வாளர் அடைக்கலசாமி
ஐஸ் பெட்டியோடு காரைக்குடிக்கு வந்தார்.
வெள்ளைப் பணியாரம் இரண்டு,
கவுனி அரிசி ஒரு கரண்டி,
வாளியின் அடியில் வழித்தெடுத்த
தேங்காய்ச் சட்னி.
பிறகு, பஞ்சுக் குச்சிகளில்
ஆறு சமையல்காரர்களின் கைகள்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம்,
பொண்ணு வீட்ல பேரு கேக்குறாங்க."

பேர் எனக்குத் தெரியாது.
அதற்கு என்ன பிடிக்கும் என்று தெரியும்.

ஈரம் பிடிக்கும்.
தேங்காயின் கொழுப்பும்
அதன் லேசான இனிப்பும் பிடிக்கும்.
அதிகப் புளிப்பு ஆகாது.
கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரின் சூடு,
அதற்கு மேல் வேண்டாம்.
யாரும் வந்து கலைக்காத கொஞ்ச நேரம்.
இதில் எதுவும்
எனக்கும் பிடிக்காததில்லை.

மண்டபம் பக்கம் பெண்கள்
மூச்சடக்கிப் பறித்த பாசி
தூளாகி வந்து
என் குடுவையில் கொதித்து
தட்டில் இறுகுகிறது.
உப்பைக் கொட்டுகிறேன்,
ஊறுகாய்க்குப் போடுகிற மாதிரி.
மற்றதெல்லாம் அதில் சுருண்டுவிடும்.
நான் தேடுவது மட்டும் சுருளாது;
வியர்வையில் குடியிருந்து பழகியது.

இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது.
இன்குபேட்டர் கதவைத் திறக்காமல்
முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
வைகாசி.
அறையின் வெப்பமானி முப்பத்தாறு காட்டியது.
பெட்டியே தேவையில்லை,
தட்டுகளை மேசைமேல் பரப்பிவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அடைக்கலசாமி போனில் கதை சொன்னார்:
காலை ஆறு மணிக்கு அரைத்த சட்னி.
ஒன்பதுக்குப் பந்தி என்று பேச்சு.
ட்ரோன் வரத் தாமதம்.
வந்தும் வளவுக்குள் இறங்காமல்
ஓட்டு விளிம்பில் ஒருதரம் இடித்தது.
மாப்பிள்ளையும் பெண்ணும்
ஆத்தங்குடிக் கல் தெரிகிற மாதிரி
நாலு தடவை நடந்தார்கள்.
எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்க,
இரண்டாங்கட்டில்
மூடி போட்ட வாளி.

இருபது நிமிடத்துக்கு ஒன்று இரண்டாகும்.
ஐந்து மணி நேரத்தில்
அந்த ஒன்று முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டும்.
இந்த ஊரில்
வட்டிக்கு வட்டி கணக்கை
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
அப்புறம் கொதிக்க வைத்துப் பயனில்லை,
அது செத்தாலும்
அது விட்டுப்போன நஞ்சு சாகாது.

மறுநாள் காலை கேட்டில்
காத்தலிங்கம் நின்றார்.
தேங்காய் துருவிய கை,
ஆள்காட்டி விரலில் பேண்ட்-எய்டு.
டி.வி.எஸ்ஸை ஸ்டாண்டு போடவில்லை,
இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தார்.
"என் கையிலேருந்துதானாம்மா?"

தட்டுகள் இன்னும் தயாராகவில்லை என்றேன்.
அது பொய்.

சட்னித் தட்டில் சிவப்பு முழுக்க
மஞ்சளாகியிருந்தது, பொன் பொட்டுகளோடு.
கைகளில் மூன்றாவது மஞ்சள்.
அது அவருடையது.
ஆறாவதும் மஞ்சள்.
ஏழாவது ஒன்றும் உண்டு.
வழக்கமில்லாத வழக்கமாக
என் மூக்கில் குச்சி விட்டு
நானே தேய்த்த தட்டு.
அதுவும் மஞ்சள்,
கொஞ்சம் அழகான மஞ்சள்கூட.

மூன்றில் ஒருவரிடம் இருக்கும் என்று
படித்துத்தான் பாஸானேன்.
படித்தது என் மூக்கைப் பற்றி என்று
நினைத்ததில்லை.

சட்னியில் இருப்பது
எந்தக் கையின் பிள்ளை என்று சொல்ல
என்னிடம் கருவி இல்லை.
மதுரைக்கு அனுப்பலாம்.
அனுப்பினால் பேர் வரும்.
பேர் வந்தால்
அடுத்த முகூர்த்தத்துக்கு
அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.
அடுத்த வாளியும் அப்படியே காத்திருக்கும்.

அறிக்கையில்
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
தேங்காய்ச் சட்னி, மூடிய வாளி,
ஐந்து மணி நேரம்.
பேர் கட்டத்தில் ஒரு கோடு.
அனுப்பலாமா என்ற கட்டம்
மாலை வரை காலியாகவே கிடந்தது.

மணி ஒன்றே கால்.
என் டிபன் டப்பாவில்
காலை ஏழு மணிச் சட்னி.
திறந்து முகர்ந்தேன்.
மணமாகத்தான் இருந்தது,
இருக்கத்தான் செய்யும்.
ஒதுக்கி வைத்துவிட்டுத்
தயிர்சாதத்தைப் பிசைந்தேன்.
அதையும் உறைய வைத்தது
நேற்று ராத்திரியின்
அதே வெக்கைதான்.