அடைப்புக்குறிக்குள்

காது கேளாதவர்களுக்காகத்
தொலைக்காட்சியின் அடியில் எழுத்து ஓடுமே,
அதை எழுதுகிறவள் நான்.
ஒரு சத்தத்துக்கு ஒரு சொல், அதுதான் கணக்கு.
ஒருத்தி மூச்சை இழுத்து விட்டால் (பெருமூச்சு).
ஒருவன் மூக்கால் சிரித்தால்
ஸ்னார்ட்டா, ஸ்காஃபா என்று
பதினோரு தடவை பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பேன்.
முதலாவதில் ஒரு பன்றி இருக்கிறது.
இரண்டாவதில் படித்த மனிதரின் அவமதிப்பு.
மம்பிள் என்றால் வாய்க்குள் கஞ்சி,
மட்டர் என்றால் வாய்க்குள் கோபம்.
மாற்றிப் போட்டுவிட்டால்
கொலைகாரன் வெறும் கூச்சக்காரனாகிவிடுவான்,
ஆறாவது எபிசோட் யாருக்கும் புரியாது.

அடுத்த அறையில் நெவில்.
ஸ்கிப்டன் ஆட்டுச் சந்தையில்
இருபத்தாறு வருடம் ஏலம் கூறியவன்.
அங்கே வாங்குகிறவர்கள் வாய் திறப்பதில்லை.
புருவம் ஒரு நூல் உயர்ந்தால் ஐந்து பவுண்டு.
மூக்கைச் சொறிந்தவன் தலையில்
மூன்று கிடாய்களைக் கட்டிய கதையும் உண்டு.
எனக்கு ஒரு அகராதி தேவைப்படும் இடத்தில்
அவனுக்கு ஒரு இமை போதும்.

அக்டோபரில் ஒரு காலை
வாய் கொப்பளித்த தண்ணீர்
இடது கடைவாய் வழியே சட்டையில் இறங்கியது.
நரம்பு வீங்கியிருக்கிறது,
மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள்.
ஒன்றுமில்லைதான்.
முகத்தில் பாதி மெழுகு, மீதி அவன்.

குளிர்காலம் போனபின் கொஞ்சம் திரும்பி வந்தது,
தப்பாகத் திரும்பி வந்தது.
கண்ணை இமைத்தால் உதட்டோரம் மேலே இழுத்துக்கொள்ளும்.
இமைக்கு ஒரு ஸ்மர்க்.
கிரின் என்றால் பல் தெரியும், மன்னித்துவிடலாம்.
ஸ்னியர் என்றால் பகை, அதையாவது நேரில் சண்டை போடலாம்.
ஸ்மர்க் அப்படியில்லை.
நமட்டுச் சிரிப்பு.
உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற முகம்.
நெவிலுக்கு என்ன தெரியும்?
கரண்ட் பில் கட்டும் தேதிகூடத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு.
எதையாவது மென்றால் இடது கண்ணில் நீர் வழியும்.
எச்சிலுக்குப் போகவேண்டிய நரம்பு
வழி தவறிக் கண்ணுக்குப் போய்விட்டதாம்.
டாக்டர் சிரிக்காமல் சொன்னார்,
இதற்குப் பெயர் முதலைக் கண்ணீர்.

மே மாதம் ஆர்னல்ட் மெட்கஃப் செத்துப்போனான்.
நெவில் முதன்முதலில் சுத்தியல் தட்டி விற்றது
அவனுடைய செம்மறிகளைத்தான்.
தேவாலய வாசலில் விதவையின் கையைப் பிடித்தான்.
பெரில் என்ற பெயரின் முதல் எழுத்தே
உதட்டில் ஒட்டாமல் காற்றாய்ப் போனது.
இமைத்தான்.
அவள் அவன் வாயைப் பார்த்தாள்.
பிறகு கையை உருவிக்கொண்டு
அடுத்த ஆளிடம் நீட்டினாள்.
பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.
மட்டர், சந்தேகமே இல்லை.

அவன் மோவாய்க்குக் கீழே
வெள்ளை எழுத்தில் ஒரு வரி ஓடியிருக்கக் கூடாதா?
என்ன எழுதியிருப்பேன் என்று
பிரார்த்தனை முழுக்க யோசித்தேன்.
சத்தம் வராததற்கு நாங்கள் எழுதுவதில்லை.
அப்படி ஒரு விதி.

திரும்பும் வழியில் சிப்ஸ் வாங்கினோம்.
மழை. கண்ணாடியெல்லாம் வினிகர் ஆவி.
காரை நிறுத்திவிட்டு நான் தின்ன ஆரம்பித்தேன்.
அவன் இடது கண் வழிந்தது.
'சிப்ஸ்' என்றான், துடைக்காமல்.
'தெரியும்' என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன்,
அவன் பொட்டலம் மடியில்
பிரிக்காமலே இருந்தது.

என்னுடையதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.
வாங்கி மெல்லத் தொடங்கினான்,
இனி யாரும் எதுவும் கேட்க முடியாதபடி.