ரொட்டி வண்டி

வேனை எங்களுக்கு விற்றவர் ஒரு ரொட்டிக்காரர்.
பக்கவாட்டில் எழுதியிருந்த அவர் பெயரைச்
சுரண்டி எடுத்த பின்னும்
வெயில் படாத நீலத்தில்
எழுத்துக்கு எழுத்து அங்கேயே இருந்தது.
அலமாரிகளைக் கழற்றி மெத்தை போட்டோம்,
ஒரு அடுப்பு, இரண்டு மடக்கு நாற்காலி.
மாவு வாசனையை எங்கே கழற்றி வைப்பது?
தூக்கத்திலும் பசித்தது.

கோத்தியேவின் வீடு மூன்று மணி நேரத் தூரம்தான்.
செவ்வாய்க்கிழமை வந்துவிடுவோம் என்றாள் அர்லெத்
தொலைபேசியில்.
ஓட்டுவது நான்.
பெரிய சாலை எனக்கு ஆகாது.

முதல் ஊரில்
இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே ஒரு வளைவு,
எதிரே டிராக்டர் வந்தால் அவ்வளவுதான் என்று
ஹாரன் அடித்தேன்.
ஒரு கதவு திறந்தது.
பிறகு இன்னொன்று.
துணிப்பையோடு ஒரு பெண்,
நாய் இழுத்த இழுப்புக்கு ஒருவர்,
சோப்பு நுரை காயாத கையோடு மதாம் பூர்தோ.
வேனுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.
"இரண்டு மாதம் தாமதம்" என்றார் நாய்க்காரர்,
கோபமில்லாமல்.

அர்லெத் பின்கதவைத் திறந்து காட்டினாள்.
பாருங்கள், படுக்கைதான்.
மதாம் பூர்தோ குனிந்து பார்த்து
"அதற்குக் கீழே?" என்றார்.

அன்று ராத்திரி ஓடைப்பக்கம் நிறுத்தியிருந்தோம்.
அர்லெத் தூங்கவில்லை.
விடிவதற்குள் பதினெட்டு கிலோமீட்டர் போய்
திறந்திருந்த ஒரே பேக்கரியில்
நாற்பது ரொட்டி வாங்கினோம்.
மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டினேன்.
அதே வளைவு. அதே ஹாரன்.

அதற்குப் பிறகு
எந்த ஊரையும் சும்மா கடக்க முடியவில்லை.
இவருக்கு நன்றாகக் கருகவேண்டும்,
அவருக்குப் பல் இல்லை,
இந்த வீட்டுக்கு மார்ச்சிலிருந்து பாதிதான் போதும்:
அர்லெத் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டாள்,
திரும்பி வரப்போகிறவள் மாதிரி.
சில்லறை இல்லாதவர்கள் முட்டை தந்தார்கள்,
பிளம்ஸ் தந்தார்கள்,
வழி சொன்னார்கள், ஆளுக்கொரு வழி.
எல்லா வழியிலும் போனோம்.

ஆன்செல்ம் என்று ஒருவர்
ரொட்டி வேண்டாம் என்றார்.
முன் இருக்கையில் ஏறிக்கொண்டு
ஊர் எல்லை வரை வருகிறேன் என்றார்.
நானூறு மீட்டர் இருக்கும்.
கையை மடியில் வைத்துக்கொண்டு
கண்ணாடி வழியே தன் ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தார்,
பெயர்ப்பலகையில் இறங்கி
கதவை மெல்லச் சாத்திவிட்டு
வந்த வழியே நடந்துபோனார்.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.
அர்லெத் நோட்டில் அதையும் எழுதினாள்,
விலை இடத்தில் ஒரு கோடு போட்டு.

வியாழக்கிழமை ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்தது.
செவ்வாய் வருவதாகச் சொன்னோமே என்றேன்.
"எந்தச் செவ்வாய்?" என்றான் கோத்தியே.

சனி மாலை.
வாத்துகள் நகர மறுத்த ஒரு சந்து,
அதன் முடிவில் அவன் வீடு.
பழக்க தோஷம், ஹாரன் அடித்துவிட்டேன்.

செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடிவந்தான்.
தலை நரைத்திருந்தது.
எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை,
வேனின் பக்கவாட்டைப் பார்த்தான்,
நீலத்தில் மிச்சமிருந்த பெயரை.
"ஒன்று கொடுங்கள், நன்றாக வெந்ததாக"
என்று கையை நீட்டினான்.

அர்லெத்திடம் மிச்சமிருந்தது
அவள் கடித்து வைத்த ஒரு முனை.
அதைத்தான் கொடுத்தாள்.

மூன்று பேரும் முட்டைகளைப் பொரித்துச் சாப்பிட்டு
விளக்கணைக்கும் வரை
அவன் கொண்டுவந்த சில்லறை
மேசைமேல் கிடந்தது,
ஒரு யூரோ, இருபது சென்ட்.
யாரும் எடுக்கவில்லை.